பரோட்டா மாஸ்டரின் கை வலு

ஜூன் 5

டாக்டரம்மா கொடுத்த நோட்டு இது. பக்கத்துக்கு ஐந்து கட்டம் போட்டிருக்கிறார்கள். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்குப் படுத்தேன், எப்போது எழுந்தேன், வயிறு எப்படி, கை எப்படி. ஒரு கட்டத்துக்குள் கட்டெறும்பு ஒன்று படுக்கலாம், அவ்வளவுதான் இடம். நான் பத்தாவது வரை படித்தவன். கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவன். கட்டத்தைத் தாண்டித்தான் எழுதுவேன். அவர்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும்.

பெயர் மச்சக்காளை. வயது ஐம்பத்து மூன்று. மதுரையில் இருபத்தாறு வருடமாக பரோட்டா மாஸ்டர். தினமும் இருபத்தைந்து கிலோ மைதா இந்தக் கையில்தான் பிசைபடுகிறது. மதியம் மூன்று மணிக்கு மாவில் கை வைப்பேன். அடுப்பை அணைத்துக் குளித்து வீட்டுக்கு வர இரவு இரண்டு மணி ஆகும்.

சித்திரையிலிருந்து வலது கை என் பேச்சைக் கேட்பதில்லை. போன மாதம் வீசின மாவு கையை விட்டுப் போய், முன்னால் உட்கார்ந்திருந்த வாத்தியார் ஒருவரின் தோளில் துண்டு மாதிரி விழுந்தது. கடையே சிரித்தது. முதலாளி ஹக்கீம் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் கூப்பிட்டு, ஆடி பிறப்பதற்குள் கை சரியாகாவிட்டால் பரோட்டாக் கல்லுக்கு வேறு ஆள் போடுகிறேன், நீங்கள் பார்சல் கட்டுங்கள் மாஸ்டர் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவன் அரைக்கால் சட்டை போட்ட நாளில் அவனுக்கு என் கையால்தான் பரோட்டா பிய்த்துப் போட்டேன். பார்சல் கட்டுவதாம். தூ.

ஆஸ்பத்திரியில் எலும்பு, நரம்பு எல்லாம் பார்த்தார்கள். ஒரு கோளாறும் இல்லை. பிறகுதான் நோட்டு கொடுத்த டாக்டரம்மா ஜெசிந்தாவிடம் அனுப்பினார்கள். இரவு வேலை பார்ப்பவர்களின் தூக்கம், வயிறு, உடம்பு வலு மூன்றையும் சேர்த்து வைத்து ஆராய்ச்சி செய்கிறார்களாம். ஒரு கருவியை அமுக்கச் சொன்னார். பல்லைக் கடித்து அமுக்கினேன். இருபத்தேழு கிலோ காட்டியது. என் வயதுக்கு முப்பத்தைந்தாவது இருக்க வேண்டுமாம்.

ஆறு வாரம் இருக்கிறது. பார்த்துவிடுவோம்.

ஜூன் 6

டாக்டரம்மா சொன்னதை மறக்குமுன் எழுதிவைக்கிறேன். நம் குடலுக்குள் கோடிக்கணக்கில் கிருமிகள் குடியிருக்கின்றன. கெட்டதுகள் இல்லையாம், நமக்காக உழைக்கிறதுகள். கீரை, பயறு, பழைய சோறு, மோர் என்று சாப்பிட்டால் அதுகளுக்கும் சாப்பாடு. வெறும் மைதாவாகத் தள்ளினால் பட்டினி. தூக்கம் கெட்டால் அதுகளும் கெடுகின்றன. அதுகள் கெட்டால் சதையின் வலு குறையலாம் என்று நினைக்கிறார்கள். எது முதலில் கெடுகிறது என்று அவர்களுக்கே இன்னும் தெரியாதாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் என் கக்கூஸ் வரைக்கும் வருகிறார்கள்.

ஒரு டப்பா கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் எழுத எனக்குக் கூசுகிறது.

ஜூன் 8

டப்பாவை ஐஸ்பெட்டியில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். பஞ்சவர்ணம் பால் பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, இது இருந்தால் பால் வெளியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். பஞ்சவர்ணம் என் வீட்டுக்காரி. நர்சரிப் பள்ளிக்கூடம் ஒன்றில் கூட்டிப் பெருக்கும் வேலை. வாய் அதிகம் பேச மாட்டாள், ஆனால் சொன்னால் சொன்னதுதான். டப்பாவை விடியற்காலையில் நானே துணிப்பையில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பையில் என்ன சாமி பிரசாதமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜூன் 9

தூக்கத்தை அளக்க ஒரு கடிகாரம் கட்டிவிட்டிருக்கிறார்கள். மணி காட்டாத கடிகாரம். நாம் அசைவது, படுப்பது, எழுவது எல்லாவற்றையும் உள்ளுக்குள் குறித்துக்கொள்கிறதாம். கையை விட்டுக் கழற்றவே கூடாது.

இதைக் கட்டிவிட்டவர்கள் ஒரு நாளாவது மாவு பிசைந்திருக்க வேண்டும். வாரின் இடுக்கில் மாவு புகுந்து காய்ந்து கருங்கல் மாதிரி ஆகிவிட்டது. எண்ணெய் வேறு. ஹக்கீம் பார்த்துவிட்டு, சாப்பிட வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் மாஸ்டர் என்றான். கழற்றி வைத்தால் கணக்கு நின்றுவிடும். அதனால் கிளம்புமுன் பஞ்சவர்ணத்தின் கையில் கட்டிவிட்டேன்.

"நான் கட்டுனா உங்க தூக்கம் எப்படிங்க அதுக்குத் தெரியும்?" என்றாள்.

ஒரே வீடு, ஒரே பாய். நான் வரும்போது அவளும் விழித்திருக்கிறாள், நான் படுக்கும்போது அவளும் படுக்கிறாள். அவள் தூக்கம் வேறு என் தூக்கம் வேறா? வந்ததும் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஜூன் 11

கடிகாரத்தைத் திருப்பி வாங்க மறந்துபோகிறது. அவள் கையிலேயே கிடக்கட்டும். அதுவும் ஒரு அழகாகத்தான் இருக்கிறது.

ஜூன் 14

டாக்டரம்மா சொன்னபடியே நடக்கிறேன். காலையில் எழுந்ததும் பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம். மதியம் ஒரு கீரை, ஒரு பயறு. கடையில் பசித்தால் அவித்த கொண்டைக்கடலை, அதையும் பஞ்சவர்ணம் தூக்குச்சட்டியில் கொடுத்துவிடுகிறாள். பரோட்டாவைத் தொடுவதில்லை. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகப் பரோட்டா இல்லாத வயிறு. வயிறு லேசாக இருக்கிறது.

ஆனால் அவளுக்கு வழக்கம்போல இரண்டு பரோட்டாவும் சால்னாவும் வாங்கிப்போகிறேன். என் வயிற்றுக்கு மருந்து என்பதற்காக அவள் ஏன் வாயைக் கட்ட வேண்டும்? கதவைத் திறந்துவிட்டு, என் கைக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, அவள் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தால்தான் எனக்கு நாள் முடிந்த மாதிரி இருக்கும். கல்யாணம் ஆன வாரத்திலிருந்து அப்படி.

ஜூன் 17

இரவு மூன்று முதல் காலை பதினொன்று வரை தூங்கினேன். எட்டு மணி நேரம். ஜன்னலில் ஈரத்துணி கட்டி, தெருப்பிள்ளைகளை அந்தப் பக்கம் போய் விளையாடச் சொல்லி, குக்கரைக்கூட விசில் போடாமல் சமைக்கிறாள் பஞ்சவர்ணம். டாக்டரம்மா சொன்னது ஒரு வரி தப்பாமல் நடக்கிறது.

ஊறுகாய் ஜாடியைத் திறந்து தரச் சொன்னாள். இதைக்கூடவா என்று சத்தம் போட்டுவிட்டுத்தான் திறந்தேன். என் கைக்கே ஒரு திருகில் வந்துவிட்டது.

ஜூன் 19

இருபத்தொன்பது கிலோ!

ஜூன் 23

இன்று மாவில் கை வைக்கும்போது கல்லுப் பக்கம் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். விருதுநகர்க்காரன், பெயர் பால்சாமி. சும்மா வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்றான் ஹக்கீம். சும்மா வருகிறவன் தன் கரண்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டா வருவான்?

நான் ஏழாவது உருண்டையை வீசும்போது அவன் என் மணிக்கட்டையே பார்த்தான். இன்றைக்கு நானூற்றுக்கு மேல் போட்டேன், ஒன்றுகூடப் பிசகவில்லை. முடிந்ததும் விரலை மடக்க வரவில்லை. அந்தக் கையை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கல்லு போனால் நான் யார் என்று நினைத்துப் பார்த்தேன். சந்தையில் நடந்தால் மாஸ்டர் என்கிறார்கள். என் பெயரே பாதிப் பேருக்குத் தெரியாது.

ஜூன் 27

பஞ்சவர்ணம் தண்ணீர்க் குடத்தை மாடிப்படியில் போட்டு நெளித்துவிட்டாள். நல்ல எவர்சில்வர் குடம், மகள் தலைதீபாவளிக்கு வாங்கிவந்தது. எப்படிப் போட்டாய் என்றால், கை வழுக்கிவிட்டது என்கிறாள். வீட்டில் ஒரு கை சரியில்லாதது போதாதா? கொஞ்சம் கடிந்துதான் பேசிவிட்டேன். நெளிந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி தண்ணீருக்குப் போனாள்.

ஜூலை 3

முப்பத்து மூன்று. டாக்டரம்மா கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொரு தடவை அமுக்கச் சொன்னார். மறுபடியும் முப்பத்து மூன்று. உங்களை மாதிரிச் சொன்னபடி கேட்கிறவர்கள் கிடைத்தால் என் வேலை எளிது ஐயா என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வரும் வழியில் பஞ்சவர்ணத்துக்கு மல்லிகைப்பூ வாங்கினேன்.

வீட்டுக்கு வந்தால் சுவரில் சாய்ந்தபடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பூவைக் கொடுத்தேன். வைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினவள், நீங்களே வைத்துவிடுங்கள் என்றாள். இந்த வயதில் என்ன கொஞ்சல் என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 5

துணி பிழிய எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறாள். நம் வீட்டுத் துணியை ஊரார் ஏன் பிழிய வேண்டும்?

ஜூலை 9

பால்சாமி காரியாபட்டியில் வேறு கடைக்குப் போகிறானாம். ஹக்கீம் இன்று வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து, "கல்லு உங்களுதுதான் மாஸ்டர். நான் பயந்துட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றான். பழைய முதலாளி, அவன் வாப்பா, இருந்திருந்தால் பேசுகிற பேச்சு. என் கண் கலங்கிவிட்டது, புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். பால்சாமியை மட்டும் பத்து நாள் பொறுத்துப் போகச் சொல்லியிருக்கிறானாம், எதற்கும் இருக்கட்டும் என்று.

ஜெயித்துவிட்டேன். வேறென்ன எழுத.

ஜூலை 11

ஆஸ்பத்திரியில் கூப்பிட்டிருந்தார்கள். போன வாரம் கடிகாரத்தை வாங்கி உள்ளே இருந்ததைக் கம்ப்யூட்டரில் இறக்கியிருக்கிறார்கள். டாக்டர் ஜெசிந்தா திரையை என் பக்கம் திருப்பினார். கறுப்பும் மஞ்சளுமாகக் கோடுகள்.

"ஐயா, நோட்டுல எட்டு மணி நேரம் தூங்குனதா எழுதிருக்கீங்க. இதுல, நீங்க கடையில நிக்கிற நேரத்துல, பத்தரைக்கே படுத்திருக்கீங்க. புரண்டு புரண்டு படுத்து, ரெண்டு மணிக்கு எந்திரிச்சிருக்கீங்க. மூணுக்கு மறுபடி படுக்கிறீங்க. நாலு இருபதுக்கு எந்திரிச்சு நடக்குறீங்க. அதுக்கப்புறம் படுக்கவே இல்ல, பகல்லயும் இல்ல. கிட்டத்தட்ட எல்லா நாளும் இதேதான். இப்படித் தூங்குறவருக்குக் கை வலு எப்படி ஏறும்? இவருக்கு நின்ன இடத்துலயே தலை சுத்தும்."

கடிகாரம் பழுதாக இருக்கும் என்றேன். அப்படிச் சொன்னது என் வாய்தான்.

ஜூலை 12

நேற்று எனக்கு வார விடுமுறை. சாயங்காலமே வீட்டில் படுத்துக்கொண்டேன். தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.

நாலு இருபதுக்கு அவள் எழுந்தாள். கூடத்துக் கடிகாரத்தை நான் ஒரு கண்ணால் பார்த்தேன், சரியாக நாலு இருபது. நாலரைக்குக் குழாயில் தண்ணீர். பதினான்கு படி. ஒவ்வொரு குடத்துக்கும் நடுப்படியில் உட்கார்ந்து எழுந்தாள். ஆறு குடம். பிறகு எனக்குக் கீரை ஆய்ந்தாள், எனக்குக் கடலை ஊறவைத்தாள், எனக்குப் பழைய சோற்றில் மோர் கலந்து மூடினாள். ஜன்னலில் ஈரத்துணி கட்டினாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஆறேகாலுக்கு, கதவுச் சத்தம் எனக்குக் கேட்கக் கூடாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

இத்தனையும் நான் தூங்குகிற எட்டு மணி நேரத்துக்குள் நடக்கிறது. இருபத்தாறு வருடம் இதே வீட்டில் இருந்திருக்கிறேன்.

கடிகாரத்தில் பழுது இல்லை.

ஜூலை 13

கடிகாரம் இருந்தது என் கையில் இல்லை என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஒரு மாதத்து வேலையைக் கெடுத்திருக்கிறேன், நியாயமாகப் பார்த்தால் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அவர் கேட்டது ஒன்றுதான். "இது யாரு கையிங்கய்யா? அவங்களை இன்னைக்கே கூட்டிட்டு வாங்க."

பஞ்சவர்ணம் வர மறுத்தாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா, நாற்காலி துடைக்க வேண்டுமாம். கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். பிடித்தபோதுதான் தெரிந்தது, கையில் சதையே இல்லை. கடைசியாக இந்தக் கையை எப்போது பிடித்தேன் என்று யோசித்தால், பிடிபடவில்லை.

கருவியைக் கொடுத்தார்கள். இரண்டு கையாலும் அமுக்கப் பார்த்தாள். ஒரு கையால்தான் அமுக்க வேண்டும் என்றார்கள். பதின்மூன்று கிலோ. இன்னொரு தடவை. பன்னிரண்டு. இரத்தம் எடுத்துப் பார்த்ததில் இரத்த அளவும் எட்டுதான் இருக்கிறதாம், பன்னிரண்டாவது வேண்டுமாம்.

"ரொம்ப நாளாவே வலு இல்லையாம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"எனக்கு எதுக்குங்க வலு?" என்றாள் பஞ்சவர்ணம். "நானா கல்லுல நிக்கிறேன்?"

கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

பிறகு சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்கள். காலையில் வரக்காப்பி, மதியம் எனக்குப் போட்டது போக மீதி, இரவு எட்டு மணிக்கு ஒரு வாய் சோறு, பிறகு இரண்டு மணிக்கு இரண்டு பரோட்டா. டாக்டரம்மா பேனாவை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் பசிக்குமா என்றார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"பசிக்காதுங்க. சாப்பிட்டா விடியிற வரைக்கும் நெஞ்சு எரியும். மாத்திரை போட்டுக்குவேன். இவரு ஆசையா வாங்கிட்டு வர்றாரு. நான் சாப்பிட்டாத்தான் இவருக்குத் தூக்கம் வரும்."

எனக்கு அந்த அறையில் இருக்க முடியவில்லை. வெளியே வந்து மருந்துச்சீட்டு வாங்குகிறவர்கள் வரிசையில் போய் நின்றுகொண்டேன். என் கையில் சீட்டே இல்லை. முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்து, என்னய்யா அழுகிறீர்கள் என்று கேட்டார். பாவி, அன்பாகக் கொடுப்பதாக நினைத்து அவள் வயிற்றில் நெருப்பை வைத்திருக்கிறேன். ஒரு ராத்திரியாவது வேண்டாம் என்று சொன்னாளா அவள்?

டாக்டரம்மா பிறகு என்னிடம் தனியாகப் பேசினார். இரத்தத்துக்கு மாத்திரை கொடுக்கலாம், சாப்பாட்டை மாற்றலாம், வயிறும் மெல்ல மாறும். தூக்கத்துக்கு மாத்திரை கொடுக்க எனக்கு மனதில்லை, அவர்களைத் தொடர்ந்து தூங்க விட்டாலே பாதி சரியாகும் என்றார்.

ஜூலை 14

இனிமேல் சாவியை நான் கொண்டுபோகிறேன், நீ எழவே வேண்டாம், தண்ணீரும் நான் பிடிக்கிறேன் என்று சொன்னேன். சரி என்றாள். திறந்துகொண்டு பூனை மாதிரி உள்ளே வந்தேன். இருட்டில் கண்ணை விழித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"நீங்க வராம எனக்குக் கண்ணு மூடாதுங்க. அது என் கையில இல்ல. கல்யாணமான புதுசுல உங்க கடையில அடுப்பு வெடிச்சு ஒருத்தர் செத்துப்போனாருல்ல, அதுலருந்து."

இருபத்தாறு வருடத்தில் இதை இன்றுதான் என்னிடம் சொல்கிறாள்.

ஜூலை 15

விடியற்காலை தண்ணீர் நான் பிடித்தேன். ஆறு குடத்தில் நாலாவது குடத்தைக் கீழேயே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். முப்பத்து மூன்று கிலோ கை.

ஜூலை 16

நாளை ஆடி ஒன்று. ஹக்கீமிடம் போனேன். பகல் வேலை வேண்டும் என்றேன். பகலில் கடையில் கல்லு கிடையாது, சாப்பாடு மட்டும்தான். சாம்பார் மாஸ்டருக்குக் கீழே காய் நறுக்க, தேங்காய் துருவ ஒரு ஆள் வேண்டும். காலை ஏழு முதல் நாலு வரை.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. யாராவது ஏதாவது சொன்னார்களா, பால்சாமியைப் பத்து நாள் இருக்கச் சொன்னதில் கோபமா என்றெல்லாம் கேட்டான்.

"கைதான் நல்லாயிருச்சே மாஸ்டர்?"

"நல்லாயிருச்சு தம்பி. அது எப்படி நல்லாச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் கேக்குறேன்."

பிறகு பால்சாமியைக் கூப்பிட்டு அனுப்பினான். நான் என் கரண்டியை எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல கரண்டி, கல்லுக்குப் பழகினது. அவன் பயன்படுத்தட்டும்.

வரும்போது தெருமுனையில் ஒருவர் என்ன மாஸ்டர் இந்நேரத்தில் என்றார். சும்மா என்றேன். பொய் எழுதுவானேன், கல்லை விட்டு வந்தது உயிரை விட்டு வந்த மாதிரித்தான் இருந்தது.

ஜூலை 18

நேற்றும் இன்றும் பகல் வேலை. நாலரைக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். வெளிச்சம் இருக்கும்போது என் வீடு எப்படி இருக்கும் என்று மறந்தே போயிருந்தது. பஞ்சவர்ணத்துக்கு என்னை எங்கே உட்காரவைப்பது என்று தெரியவில்லை. இரண்டு தடவை காப்பி போட்டாள். நான் வெந்தயக்கீரையும் பாசிப்பயறும் வைத்தேன். உப்பு கூடிவிட்டது. நன்றாக இருக்கிறது என்றாள். மெய்யாகச் சொல் என்றேன். கூடிப்போச்சு என்றாள். அது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

எட்டரை மணிக்குப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டே பேசினோம். நேற்று ராத்திரி கடை எப்படி என்று கேட்டாள். எனக்கு நெஞ்சு முழுக்க அதுதான் அடைத்துக்கிடந்தது. கடைப் பையன்கள் காலையில் சொன்னதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். பால்சாமி மாவை ஊறவிடுவதே இல்லை. வீசுகிறபோது முழங்கையைத் தூக்குகிறான், அது தப்பு, மணிக்கட்டு மட்டும்தான் வேலை செய்ய வேண்டும். அடுக்கு விடவில்லை, ரொட்டி மாதிரி இருக்கிறது. வாடிக்கைக்காரர் ஒருவர் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, பழைய மாஸ்டர் எங்கே என்று கேட்டாராம். என் பெயரைச் சொல்லிக் கேட்டாராம் பஞ்சு, மச்சக்காளை எங்கேன்னு, யாருக்குமே தெரியாதுன்னு நினைச்சேன், அந்த ஆளு யாருன்னா...

திரும்பிப் பார்த்தால் தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மணி ஒன்பதுகூட ஆகவில்லை.

அந்த ஆள் யார் என்பதுதான் முக்கியம். என் மாவு தோளில் விழுந்ததே, அந்த வாத்தியார். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். எழுப்பலாமா என்று கையை நீட்டினேன். நீட்டின கையை மடக்கி என் தலைக்கடியில் வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் படுத்துக்கொண்டேன்.